பூட்ஸ் தைக்கும் பிரபுக்களும் செருப்புத் தைக்கும் சாதியும்

தோல் பூட்ஸை வீட்டிலேயே தைத்துக்கொள்வது படித்த நடுத்தர வர்க்கத்தின் புதிய பொழுதுபோக்காகியிருக்கிறது. பேட்டர்ன் விலைக்குக் கிடைக்கிறது. தாளில் அச்செடுத்து, கத்தரித்து, அட்டையில் ஒட்டி, தோலின்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டியதுதான். ஊசி, நூல், மெழுகு, தோல் சீவும் கத்தி, சுத்தியல் எல்லாம் ஒரே பெட்டியில் வாசலுக்கு வந்துவிடுகிறது. பெருநகரங்களில் சனி ஞாயிறு வகுப்புகள்கூட நடக்கின்றன. குளிரூட்டிய அறை, மர மேசை, நல்ல வெளிச்சம், நடுவில் தேநீர். கட்டணம் ஆயிரங்களில். முடிவில் கழுத்தில் ஒரு ஏப்ரனை மாட்டிக்கொண்டு, தைத்ததைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஒரு புகைப்படம்.

தைக்கட்டும். யார் வேண்டாமென்றது? தோலைத் தொட்டால் தலைமுழுக வேண்டும் என்றிருந்த வீட்டுப் பிள்ளைகள் தோலை மடியில் வைத்துத் தைக்கிறார்கள் என்றால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. நமது சண்டை, இதைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிற இரண்டு குரல்களோடு. முதல் குரல் வெளியிலிருந்து வருகிறது: “பாத்தீங்களா, எல்லாச் சாதிக்காரனும் செருப்புத் தைக்கிறான், தீட்டெல்லாம் போயே போச்சு, நீங்கதான் இன்னும் சாதி சாதின்னு பேசிக்கிட்டிருக்கீங்க.” இரண்டாவது நம்முடைய கூட்டங்களிலேயே கேட்கிறது: “நம்ம சொத்தைக் களவாடுறாங்க தோழர், தோல்தான் நம்ம பண்பாடு, நாம மறுபடியும் உளியைக் கையில எடுக்கணும்.” முதலாவது பொய். இரண்டாவது ஆபத்து. இரண்டும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

முதலில் வேலையைப் பார்ப்போம். வேலையைத் தெரிந்துகொள்ளாமல் அதன் அரசியலை மட்டும் பேசுவது நம் இலக்கியக்காரர்களுக்குக் கைவந்த கலை. அதில் நானும் உண்டு என்று யாராவது சொல்வதற்கு முன்னால் விஷயத்துக்குப் போய்விடுகிறேன்.

பாதம் வளைவுகளால் ஆனது. தோலோ தட்டையானது. தட்டையானதை வெட்டி வளைவானதை மூட வேண்டும். இதற்கு என்ன செய்கிறார்கள்? கால் வடிவில் செதுக்கிய கட்டையின்மேல் காகித நாடாவை இண்டு இடுக்கில்லாமல் ஒட்டுகிறார்கள். அதன்மேல் பென்சிலால் பூட்ஸை வரைகிறார்கள். நாக்கு எங்கே தொடங்க வேண்டும், பக்கத்துண்டுகள் முன்துண்டோடு எங்கே சேர வேண்டும், குதிகாலின் பின்தையல் எங்கே இறங்க வேண்டும் என்று கோடுகள். பிறகு நாடாவைக் கத்தியால் கீறி, உரித்து, தாளில் பரப்புகிறார்கள். உருண்டையானதைப் பரப்பினால் ஒரு பக்கம் மடிப்பு விழும், இன்னொரு பக்கம் பிளக்கும். பூமியை வரைபடமாக்குகிறவனுக்கு இருக்கிற அதே சிக்கல். எந்த மடிப்பை எங்கே தள்ளுவது, எந்தப் பிளவை எவ்வளவு மூடுவது என்பதில்தான் பேட்டர்ன் போடுகிறவரின் மூளை இருக்கிறது.

அப்புறம் தோல். அது துணி மாதிரி ஒரே சீராக இருக்காது. முதுகுப்பக்கம் கெட்டி, வயிற்றுப்பக்கம் இளகும். முன்துண்டை விரல் நோக்கி இழுபடாத திசையில் வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் கொஞ்ச நாளில் பூட்ஸ் அகன்று தவளையாகிவிடும். ஓரத்தைச் சீவி மெலிதாக்காமல் தைத்தால் தையல் புடைத்துக் காலைக் கடிக்கும். கட்டைக்கு அடியில் மடித்து இழுக்க ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். நனைத்து, கிடுக்கியால் இழுத்து, ஆணியடித்து, காயும்வரை நாள்கணக்கில் கட்டையிலேயே விட வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் தோல் தன் பழைய உருவத்துக்கே திரும்பப் பார்க்கும்.

இது வடிவக்கணிதம். பாடப்புத்தகத்தில் இருந்திருந்தால் மதிப்பெண் உண்டு. பஸ் ஸ்டாண்டு வாசலில் கிழிந்த குடைக்கடியில் உட்கார்ந்திருப்பவர் இதை நாடாவும் இல்லாமல் அட்டையும் இல்லாமல் செய்கிறார். உங்கள் பழைய செருப்பைப் புரட்டிப் பார்க்கிறார். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, நீங்கள் எந்தக் காலை இழுத்து நடக்கிறீர்கள் என்பதை அதிலேயே படித்துவிடுகிறார். “வலது கால் கொஞ்சம் பெருசு சார் உங்களுக்கு” என்கிறார். அது உங்களுக்கே அதுவரை தெரியாது. இவருக்கு டிசைனர் என்று பெயரில்லை. இவருக்கு வைத்திருக்கிற பெயர் என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். இந்த மொழியில் அது வசைச்சொல். தமிழன் கோபத்தில் முதலில் தேடுகிற ஆயுதமும் செருப்புதான்.

செருப்பைத் தைக்கிறவனுக்குச் செருப்பைப் போடும் உரிமை கிடையாது என்பது இந்தப் புண்ணிய பூமியின் தனிச்சிறப்பு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதித்திராவிடர்கள்மீது கள்ளர்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை பனியன் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். பெண்களின் மார்புத் துணிக்கும் தலைப் பூவுக்கும் தனித்தனியாகத் தடை. எட்டாவது தடை, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியபோது குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய வெள்ளைக்கார அதிகாரி ஹட்டன் இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

எங்கள் தாத்தா பெரிய வீடுகளுக்கெல்லாம் செருப்புத் தைத்தவர். கமலைக்குத் தோல்சால் கட்டியவர். அறுவடை முடிந்து களத்தில் அளந்துபோடும் தானியம்தான் கூலி. தானே தைத்த செருப்பை ஊர்த்தெரு முனையில் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாராம். எங்கள் அவ்வா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பம்புசெட் வந்ததும் தோல்சால் போயிற்று. ரப்பர் செருப்பு வந்ததும் தோல்செருப்பு போயிற்று. தொழில் போன பிறகும் பெயர் போகவில்லை. சாதிக்குத் தொழில் ஒரு சாக்கு என்பதற்கு இதைவிடவா சான்று வேண்டும்?

இப்போது இந்தப் பொழுதுபோக்குக்காரர்களில் ஒருவரைப் பற்றி. நான் வங்கியில் எழுத்தர். ஒரு கிளையில் என்னோடு வேலை பார்த்த அதிகாரி ஒருவர், நல்ல மனிதர், புத்தகம் படிக்கிறவர், இப்படி ஒரு வகுப்புக்குப் போய்வந்து, வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்து தனக்கொரு ஜோடி பூட்ஸ் தைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றிக் காட்டினார். இடது பூட்ஸின் பின்தையல் கோணல். எல்லோரும் பாராட்டினார்கள். நானும்தான். அப்போது அவர் என் பக்கம் திரும்பி, அன்பாகவே சொன்னார்: “நீங்களும் ஒருநாள் வாங்க சார். நான் கத்துக்கிறதுக்கு ரெண்டு மாசமாச்சு. உங்களுக்கு ரெண்டு மணி நேரம் போதும். ரத்தத்துலயே இருக்குல்ல.”

இந்த வாக்கியத்தைத்தான் நாம் உடைத்துப் பார்க்க வேண்டும். அவர் கையில் அது கல்வி, என் கையில் அது பிறவி. அவர் தைத்தால் அதுவரை இல்லாத ஒரு திறமை கூடுகிறது. நான் தைத்தால் ஏற்கனவே இருந்த அழுக்கு வெளியே தெரிகிறது. அவர் மாலையில் கை கழுவிக்கொண்டு மறுபடி அதிகாரியாகிவிடலாம். நான் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, கவுன்டரில் உட்கார்ந்து, ஊசியையே தொடாமல் இருந்தாலும் செருப்புத் தைக்கிறவன்தான். ஊசியைத் தொட்டிருந்தால் இரண்டு மணி நேரத்தில் நிரூபணமாகியிருக்கும், அவ்வளவே வித்தியாசம்.

ஆனால் அந்த அதிகாரி தனக்குத் தெரியாமலேயே நமக்கொரு வாதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தலைமுறை தலைமுறையாகத் தோலே தொடாத குடும்பத்தில் பிறந்த ஒருவர் இரண்டு மாதத்தில் பூட்ஸ் தைக்க முடிகிறது என்றால் அது ரத்தத்தில் இல்லை. அட்டையில் இருக்கிறது, கட்டையில் இருக்கிறது, பழக்கத்தில் இருக்கிறது. கற்றுக்கொடுத்தால் வரும், விட்டுவிட்டால் போகும். குலத்தொழில் என்கிற கோட்டையை இந்த ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ்காரர்களே இடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் “எங்கள் ரத்தத்தின் சொத்தைத் திருடாதே” என்று நாம் கத்தினால், அந்த அதிகாரியின் வாக்கியத்தையே வேறு குரலில் திருப்பிச் சொல்கிறவர்களாகிவிடுவோம்.

பெரிய இடத்து மனிதர்கள் பூட்ஸ் தைப்பது புதிதுமல்ல. ருஷ்யாவில் டால்ஸ்டாய் தைத்தார். பிரபு குலம், ஏராளமான நிலம், உலகப் புகழ். 1880களில் பிறர் உழைப்பில் வாழ்வது பாவம் என்ற முடிவுக்கு வந்து, மாஸ்கோ வீட்டில் செருப்புத் தொழிலாளி ஒருவரிடம் வேலை கற்றுக்கொண்டார். 1885இல் கவிஞர் ஃபெத்துக்கு ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தபோது ஃபெத் 6 ரூபிள் கொடுத்து, இந்த பூட்ஸ் ‘போரும் அமைதியும்’ நாவலாசிரியர் கையால் செய்யப்பட்டது என்று சான்றிதழே எழுதிவைத்தார். சுகோதின் என்பவர் தனக்குக் கிடைத்த ஜோடியைக் காலில் போடவில்லை. அலமாரியில் டால்ஸ்டாயின் 12 தொகுதிகளுக்குப் பக்கத்தில் வைத்து, 13ஆம் தொகுதி என்று சீட்டு ஒட்டினார். மாஸ்கோவில் அந்த வீடு இன்று அருங்காட்சியகம். பூட்ஸ்களும் கருவிகளும் அங்கே இருக்கின்றன.

டால்ஸ்டாயை நான் கேலி செய்யவில்லை. அவருடைய குற்ற உணர்ச்சி உண்மையானது. நம்மூர் ஜமீன்கள் ஒருவருக்கும் அது வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. கற்றுக்கொடுத்த அந்தத் தொழிலாளி தைத்த பூட்ஸை யாராவது புத்தக அலமாரியில் வைத்தார்களா? அவருடையது எத்தனையாவது தொகுதி? கை ஒன்றுதான், ஊசி ஒன்றுதான், தோல் ஒன்றுதான். ஒருவருடைய பூட்ஸ் இலக்கியம், மற்றவருடையது சேற்றில் மிதிபட்டுத் தேய்ந்துபோன சரக்கு.

அங்கிருந்து நேரே காந்திக்கு வரலாம், வழியும் டால்ஸ்டாய் வழிதான். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைந்த குடியிருப்புக்கு டால்ஸ்டாய் பண்ணை என்றே பெயர். காந்தியின் நண்பர் காலன்பாக் மரியன்ஹில் கிறித்துவ மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்திக்குக் கற்றுக்கொடுத்தார். காந்தி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடி தைத்து 1914இல் பரிசாக விட்டுவந்தார். ஸ்மட்ஸ் பல கோடைகாலங்கள் அதைப் போட்டுவிட்டு, 1939இல் காந்தியின் 70ஆவது பிறந்தநாளுக்கு, இந்த மகத்தான மனிதரின் செருப்பில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்று உருகித் திருப்பி அனுப்பினார். நல்ல கதை. நம் தாத்தாக்கள் தைத்த செருப்பில் நின்றவர்கள் எவரும் இப்படி உருகியதாகத் தகவல் இல்லை.

செருப்புத் தைத்த அதே காந்திதான், 1936இல் அம்பேத்கருக்கு மறுப்பு எழுதும்போது, அவரவர் முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதே வர்ண நெறி, எல்லாத் தொழிலும் சமம், தோட்டிவேலையும் பிராமணன் வேலையும் ஒன்றே என்று எழுதினார். அம்பேத்கர் விடவில்லை. பிறப்பால் பனியாவான நீங்கள் தராசைத் தொட்டதே இல்லையே, வக்கீலாகத்தானே போனீர்கள், உங்கள் முன்னோர்களே வியாபாரத்தை விட்டு மந்திரி வேலைக்குப் போனவர்கள்தானே, ஊருக்குச் சொல்லும் உபதேசம் உங்கள் வீட்டுக்கு இல்லையா என்று கேட்டார். இதற்கு ஒழுங்கான பதிலை நான் எங்கும் படிக்கவில்லை. எல்லா வேலையும் சமம் என்று சொல்கிறவர் எப்போதும் எழுந்துபோகக்கூடிய முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழ முடியாதவன் அப்படிச் சொல்வதில்லை. 1927 மகாத் மாநாட்டில் அம்பேத்கர் நம் மக்களிடம் செத்த மாட்டைத் தூக்குவதை நிறுத்து என்றுதான் சொன்னார், அதில் அழகைக் கண்டுபிடி என்று சொல்லவில்லை.

பூட்ஸ் பேட்டர்னில் தொடங்குவதில்லை. பூட்ஸ் செத்த மாட்டில் தொடங்குகிறது. பொழுதுபோக்குக்காரரின் மேசைக்கு வருகிற தோல் வாசனை அடிக்கிறது. ‘ஆஹா, இயற்கைப் பதனீட்டுத் தோல்’ என்று முகர்ந்து பார்க்கிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தென்னாட்டில் பதனிட்ட தோல் நூறாண்டுக்கு முன்பே உலகச் சந்தையில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பேர்பெற்றது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோல் சென்னை மாகாணத்திலிருந்து போயிற்று. அந்த வாசனைக்கு முந்தைய நாற்றத்தில் நின்றவர்கள் யார்? சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்று மயிர் நீக்கியவர்கள் யார்? நாற்றம் நம் பங்கு, வாசனை அவர்கள் பங்கு.

2002 அக்டோபர் 15, ஹரியானாவின் ஜஜ்ஜார் அருகே துலீனா போலீஸ் சாவடி முன்னால் மாட்டுத்தோல் உரித்தார்கள் என்று ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016 ஜூலை 11, குஜராத்தின் உனா வட்டத்தில் செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்கள் நால்வரைக் காரில் கட்டி இரும்புத்தடியால் அடித்து, அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். பதிலுக்கு அம்மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். உங்கள் தாயை நீங்களே எடுத்துப் புதையுங்கள் என்பது அதன் அர்த்தம். 2015 ஜனவரி 31, நம் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலிகள். எந்தப் பேட்டர்ன் அட்டையிலும் இந்தத் தேதிகள் அச்சிடப்படுவதில்லை.

அடுத்து, ‘வீட்டிலேயே’ என்கிற சொல். வீட்டில் உட்கார்ந்து காலணி தைப்பது புதுமை என்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். தலித் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வருடக்கணக்காக வீட்டில் உட்கார்ந்துதான் தைக்கிறார்கள். பூட்ஸ் அல்ல, பெரும்பாலும் மொக்காசின் வகைக் காலணிகளின் மேல்பகுதி. தொழிற்சாலையில் வெட்டிய துண்டுகளை இடைத்தரகர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார். கெட்டியான தோலில் ஊசியை இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போகிறது. குனிந்தே தைத்து முதுகும் கழுத்தும் போகிறது. கண் மங்குகிறது. ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் அந்தக் காலணிக்கு ஒரு ஜோடிக்கு 10 ரூபாய்கூடத் தேறவில்லை என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. நூல் அறுந்தாலும் தோல் கிழிந்தாலும் அவர்கள் பொறுப்பு. அவர்கள் பெயர் தொழிற்சாலையின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சேமநலநிதி இல்லை, ஈட்டுறுதி மருத்துவமனை இல்லை.

ஆக, வீட்டில் காலணி தைக்கிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் பேட்டர்னைக் காசு கொடுத்து வாங்கித் தன் காலுக்குத் தைக்கிறார். இன்னொருவர் தான் ஒருநாளும் பார்க்காத காலுக்கு, தனக்கு ஒருநாளும் காட்டப்படாத பேட்டர்னில் தைக்கிறார். மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, பஸ் ஸ்டாண்டு வாசல்காரர். அவருக்கு வீடே அந்தச் சாக்குதான்.

அந்த மூன்றாவது ஆள் வங்கிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதைக் கவுன்டருக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்திருக்கிறேன். தையல் எந்திரமும் கட்டைகளும் வாங்கக் கடன் கேட்டு ஒருவர் வந்தார். கட்டை ஒரு ஜோடி போதாது. அளவுக்கு ஒரு ஜோடி வேண்டும், ஆணுக்கு வேறு பெண்ணுக்கு வேறு. அதுதான் முதலீடு. “தொழில் நடத்துற இடம் உங்க பேர்ல இருக்கா?” “இல்லீங்க சார், பஸ் ஸ்டாண்டு.” “வாடகை ஒப்பந்தம்?” “பஸ் ஸ்டாண்டுங்க சார்.” நடைபாதைக்கு எவன் பட்டா கொடுப்பான்? விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்த கை என்னுடையதல்ல. ஆனால் அந்தக் கவுன்டரில்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன், அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

எந்திரத்துக்குக் கடன் இல்லை, ஆனால் உளிக்கும் ஊசிக்கும் உண்டு. 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு ‘விஸ்வகர்மா’ திட்டத்தைத் தொடங்கியது. 18 பாரம்பரியத் தொழில்கள், செருப்புத் தைப்பதும் அதில் ஒன்று. கருவிகள் வாங்க 15,000 ரூபாய், முதல் தவணைக் கடன் ஒரு லட்சம், வட்டி 5 சதவீதம். குரு சிஷ்ய பரம்பரை, குடும்பத் தொழில் என்று அதன் மொழியே காட்டிக்கொடுக்கிறது. 18 வயதில் சேரலாம். 18 வயது என்பது கல்லூரிக்குப் போகிற வயது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இதை ஏற்க மறுத்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்றது. பிறகு சாதி பாராமல் 25 தொழில்களுக்குத் தனித் திட்டம் கொண்டுவந்தது. இந்த அரசைப் பாராட்ட நமக்குக் காரணங்கள் அதிகமில்லை, இது ஒன்று. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் படி என்று கொண்டுவந்த திட்டம் 1954இல் செத்தது. செத்ததாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

“தோல்தான் நம் பண்பாடு” என்கிற நம் தோழர்கள் இந்தத் திட்டத்தின் பக்கத்தில் தங்கள் முழக்கத்தை வைத்துப் பார்க்கட்டும். வித்தியாசம் தெரிகிறதா? ‘பறையை நாம் விடுதலைக் கலையாக்கவில்லையா, செருப்பை ஏன் ஆக்கக் கூடாது’ என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. மேடையில் பறை அதிர்ந்தபோது நானும் எழுந்து ஆடியவன்தான். ஆனால் மேடையில் அடித்த பிறகும் இழவுவீட்டில் அடிக்கச் சொல்லும் ஊர்கள் இருக்கின்றன. அடிக்க மாட்டேன் என்று சொன்னவனை ஊரைவிட்டு ஒதுக்குகிறார்கள். எந்த வேலையை ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிறதோ அதன்பிறகுதான் அதைக் கலையென்று கொண்டாட முடியும். செருப்பில் நாம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவரைக் காட்டுகிறேன். யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர், 1852இல் டச்சுக் காலனியான சூரினாமில் பிறந்த கருப்பர். மாசசூசெட்ஸின் லின் நகரம் அன்று செருப்புத் தொழிலின் தலைநகரம். அங்கே தைக்க எந்திரம் வந்துவிட்டது. ஆனால் மேல்தோலைக் கட்டையில் இழுத்து மடித்து ஆணியடிக்கிற வேலையை எந்திரத்தால் செய்ய முடியவில்லை. அந்தக் கைவித்தைக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். நல்ல வேலைக்காரர் நாளுக்கு 50 ஜோடி முடிப்பார். தொழிற்சாலைக் கூலியான மாட்செலிகர் இரவுகளில் பட்டினி கிடந்து, பழைய இரும்பையும் சிகார் பெட்டிப் பலகைகளையும் வைத்து மாதிரி செய்து, 1883இல் அந்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது நாளுக்கு 150இலிருந்து 700 ஜோடிவரை முடித்தது. உலகத்தின் காலணி விலையே இறங்கியது. லின் நகரத்தின் வெள்ளையர் தேவாலயங்கள் சில அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த எந்திரத்துக்கே கருப்பரை இழிவுசெய்யும் வசைச்சொல்லைப் பட்டப்பெயராக வைத்தார்கள். 1889இல் காசநோயில் செத்தபோது அவருக்கு 37 வயது நிரம்பவில்லை. பத்து வருடம் கழித்து அவருடைய காப்புரிமையையும் உள்ளடக்கி ‘யுனைடெட் ஷூ மெஷினரி’ என்ற ஏகபோகம் எழுந்தது. கோடிகளைக் கண்டவர்கள் வேறு ஆட்கள்.

இரண்டு விஷயம் இதில் இருக்கிறது. மாட்செலிகர் ஊசியைப் புனிதப்படுத்தவில்லை, ஊசி இருந்த இடத்தையே மாற்றினார். ஆனால் எந்திரத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பத்திரம் யார் பெயரில் என்பதையும் பார்த்தாக வேண்டும். 2025 ஜூனில் மிலான் நகரத்து ஆடை அணிவகுப்பில் பிராடா கம்பெனி கோலாப்பூரிச் செருப்பை அப்படியே நடக்கவிட்டு, வெறும் ‘தோல் செருப்பு’ என்று பெயர் போட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் இந்தியாவிலிருந்து எடுத்தோம் என்று ஒப்புக்கொண்டது. அந்தச் செருப்புக்கு 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. குறியீடு ஊருக்குக் கிடைத்தது. தைக்கிற சாதிக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை யாரும் கேட்கவில்லை. ‘இந்தியப் பாரம்பரியத்தைத் திருடிவிட்டான்’ என்று தொலைக்காட்சியில் கண்ணீர்விட்டவர்கள், அதைத் தைக்கிறவனை வீட்டுக்குள் விடாத பாரம்பரியத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஆகவே நமது பிள்ளைகள் தோல் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகட்டும். 1948இல் தொடங்கியது அது, நம் வரிப்பணம். காலணி வடிவமைப்புக் கல்லூரிகளுக்குப் போகட்டும். பேட்டர்ன் போடவும், கட்டை கடையவும், ரசாயனம் படிக்கவும், ஏற்றுமதிக் கணக்கைப் பார்க்கவும் போகட்டும். வேண்டாம் என்கிறவன் கவிதை எழுதட்டும், வக்கீலாகட்டும், சும்மாகூட இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு வாசல்காரருக்கு நடைபாதையில் சட்டப்படி ஓரிடமும், ஈடில்லாத கடனும் கேட்டு நிற்போம். அவருடைய மகனுக்கு உளி கேட்டு நிற்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ்காரர்களிடமும் ஒரு வார்த்தை. நன்றாகத் தையுங்கள். பின்தையல் கோணலாக வராமலிருக்க முதலில் குதிகால் துண்டின் நடுக்கோட்டைக் கட்டையின் நடுக்கோட்டோடு பொருத்திவிட்டுப் பிறகு இழுங்கள். இது எனக்கு ரத்தத்தில் வந்ததல்ல, பஸ் ஸ்டாண்டு வாசல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. உங்கள் வகுப்புக்கு அவரை ஆசிரியராகக் கூப்பிடுங்கள், அந்த ஆயிரங்களை அவருக்குக் கொடுங்கள், மேசையில் அவரோடு தேநீர் குடியுங்கள். ‘கலைக்குச் சாதியில்லை’ என்கிற பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நம் மாணவத் தோழர்களுக்கு வேறு வேலை. கோடை விடுமுறையில் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் போக ஒரு பத்துப்பேர் வேண்டும். வீட்டில் தைக்கிற பெண்களோடு உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும். ஜோடிக்கு இன்று என்ன கொடுக்கிறார்கள்? நூலும் ஊசியும் யார் காசு? மூட்டையைக் கொண்டுவருகிறவர் யாருக்காகக் கொண்டுவருகிறார்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? தோல் பண்பாடா இல்லையா என்பதையும் அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.